தொண்டரைப் போற்றுதல்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் விளங்கும் பழம்பதி விருத்தாசலம் ஆகும். திருமுதுகுன்றம் என்பதும் பழமலை என்பதும் இதன் பழைய தமிழ்ப் பெயர்கள். இங்கே பழமலைநாதர் திருக்கோயிலின் கோபுரங்கள் வானளாவி நிற்கின்றன. அக்கோயிலைப் போலவே இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை பீங்கான் தொழிற்கூடங்கள். பொம்மைகளும் மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் உறுப்புகளும் இங்குள்ள சூளைகளில் உருவாகின்றன. பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இவ்வூரில் உண்டு. கோயிலால் பழமையும் தொழிலால் புதுமையும் பெற்ற ஊர் இது எனலாம்.

இத்திருக்கோயிலைப் பற்றித் தலபுராணம் கூறும் செய்தி ஒன்று உண்டு. விபசித்து என்னும் முனிவர் இங்கே திருப்பணி செய்ய விரும்பினார். பணியாளர்க்குக் கொடுப்பதற்கு அவரிடம் பொருள் இல்லை. ஆதலால் கூலி கொடுக்கும் வேளையில், கோயிலில் நின்ற வன்னி மரத்தின் இலைகளை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் அளித்தார். அவ்விலைகள் அவரவர் செய்த வேலையின் அளவுக்கு ஏற்பப் பொன்னாக மாறின என்பது கதை. கதையாயினும் அதன் உட்பொருள் உயர்ந்தது. உழைத்தவருக்கு அவர் உழைப்பின் அளவறிந்து ஈடு செய்தல் வேண்டும் என்பதே அது.

ஆனால் கூலியை நாடாமல் உழைப்போரும் உலகில் உளர். பகலெல்லாம் தொழிற்கூடத்தில் பாடுபட்டு, மாலையில் ஊர்ப் படிப்பகத்திற்கு வந்து நூல்களை அடுக்கி வைக்கும் இளைஞர் ஒருவர். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்று, வருவோர் தாகம் தணிக்கும் முதியவர் ஒருவர். வெள்ளம் வந்த நாளில் தம் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு, ஊர்ப் பொதுவில் கஞ்சி காய்ச்சும் பெண்மணி ஒருவர். இத்தகையோரையே தொண்டர் என்று உலகம் அழைக்கிறது. இவர்களுக்கு வன்னியிலையும் இல்லை, பொன்னும் இல்லை. அங்ஙனமாயின், இவர்களுக்கு உரிய ஈடு யாது?

மதிப்பே அவ்வீடு ஆகும். மதிப்பு என்றவுடன் மாலையும் பொன்னாடையும் மேடைப் புகழ்ச்சியுமே பலர்க்கு நினைவில் எழும். அவை தவறானவை அல்ல. எனினும் ஆண்டு விழாவன்று ஒருவரைப் புகழ்ந்துவிட்டு, ஏனைய நாள்களில் அவரைப் பொருட்படுத்தாதிருத்தல் மதிப்பு ஆகாது. தொண்டர் தம் நேரத்தையும் அறிவையும் மனத்தையும் ஒருசேரக் கொண்டுவந்து தருகிறார். அவர் நேரத்தை வீணாக்காமல், அவர் அறிவைப் பயன்கொண்டு, அவர் மனம் நோகாமல் அவரைப் பணியில் அமர்த்துதலே உண்மையான மதிப்பாகும். இதனை அறிந்த சங்கங்கள் தழைத்தன, அறியாதவை வாடின.

தமிழ்நாட்டில் தொண்டு என்னும் சொல் நெடுங்காலமாகப் பெருமை பெற்றது. கடலூர் மாவட்டமே அதற்குச் சான்று பகரும். பண்ணுருட்டிக்கு அண்மையிலுள்ள திருவாமூரில் பிறந்தவர் திருநாவுக்கரசர். அவர் கையில் உழவாரப் படையை ஏந்தித் திருக்கோயில்களின் முற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்கி அகற்றினார். பாடும் திறம் வாய்த்த பெரியார் ஒருவர் புல் செதுக்கும் பணியையும் தமக்கு உரியதாகக் கொண்டார். அதனால் அப்பணியும் உயர்ந்தது, அவரும் உயர்ந்தார். உழவாரப் பணி என்னும் பெயரில் அது இன்றளவும் தமிழ்நாட்டில் நிகழ்ந்து வருகிறது.

தொண்டரை மதியாமை எத்துணைப் பெரிய குறை என்பதை விளக்கும் வரலாறு ஒன்றும் உண்டு. அது சுந்தரரைப் பற்றியது. திருமுதுகுன்றத்தில் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தவர் என்று பெரியபுராணம் போற்றும் சுந்தரரே அவர். அவர் ஒருமுறை திருவாரூர்க் கோயிலினுள் சென்றபொழுது, தேவாசிரிய மண்டபத்தில் அடியார் பலர் கூடியிருந்தனர். சுந்தரர் அவர்களை அணுகி வணங்காமல் அப்பாற் சென்றார். அதனைக் கண்ட விறன்மிண்டர் என்னும் அடியார் சினந்தார். அடியாரை மதியாத சுந்தரரும் புறம்பு. அவரை ஆட்கொண்ட இறைவனும் புறம்பு என்று அவர் உரைத்துவிட்டார்.

சுந்தரர் அச்சொல்லைக் கேட்டுச் சினம் கொள்ளவில்லை. அடியார்களின் பெருமையை உணர்ந்து, அவர்களை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் கூறிப் போற்றும் திருத்தொண்டத்தொகையைப் பாடினார். அதன் வழியாகவே பின்னாளில் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும், சேக்கிழாரின் பெரியபுராணமும் தோன்றின. பெரியபுராணத்திற்குத் திருத்தொண்டர் புராணம் என்பதே ஆசிரியர் இட்ட பெயர். ஒருவர் மற்றவர்களை மதியாது சென்ற ஒரு கணமும், அதனைத் தட்டிக் கேட்ட ஒரு குரலும், தமிழுக்கு ஒரு பெருங்காப்பியம் கிடைப்பதற்கு ஏதுவாயின.

திருத்தொண்டத்தொகையில் மற்றொரு சிறப்பும் காணத்தக்கது. தில்லைவாழ் அந்தணர் என்னும் தொகையடியாருக்கு அடுத்து, தனியடியாராக முதற்கண் போற்றப்படுபவர் ஒரு குயவர். சிதம்பரத்தில் வாழ்ந்த திருநீலகண்டர் என்பவர் அவர். மண்ணால் திருவோடுகள் வனைந்து, அவற்றை அடியார்க்கு விலையின்றி அளித்தலையே அவர் தொண்டாகக் கொண்டிருந்தார். அரசரையும் செல்வரையும் முன்வைக்காமல், மண்ணை மிதித்துப் பாண்டம் செய்தவரை முன்வைத்தது அத்தொகை. தொண்டின் மதிப்பைச் செய்பவரின் செல்வத்தாலோ குலத்தாலோ அளத்தல் கூடாது என்பது அதனால் விளங்குகிறது. மண்ணையும் சூளையையும் நம்பி வாழ்வோர் நிறைந்த விருத்தாசலத்தார்க்கு இச்செய்தி மிக அணுக்கமானது அன்றோ!

இனி அண்மைக் கால வரலாற்றைக் காண்போம். 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தியடிகள் அதற்குச் சென்றிருந்தார். அங்கே தொண்டர்கள் பலர் இருந்தனர். ஆயினும் பணி நடைபெறவில்லை. ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் அதனை மற்றொருவரிடம் சொன்னார். அவர் வேறொருவரைத் தேடினார். கழிப்பிடங்கள் அழுக்கடைந்து கிடந்தன. அது தம் வேலையன்று எனத் தொண்டர்கள் ஒதுங்கினர். காந்தியடிகள் தாமே துடைப்பம் வாங்கித் தூய்மை செய்தார். தொண்டர்களை அவர் பழிக்கவில்லை. ஆண்டுக்கு மூன்று நாள் மட்டும் கூடிக் கலையும் சபையில் அவர்களுக்குப் பயிற்சி எங்ஙனம் வாய்க்கும் என்று காரணத்தை ஆராய்ந்தார். தொண்டு செய்ய விருப்பம் மட்டும் போதாது. பழக்கமும் வேண்டும் என்பதை அவர் கண்டார்.

பின்னர் அவர் காங்கிரஸ் அலுவலகத்திற்குச் சென்று, தமக்கு ஏதேனும் பணி தருமாறு வேண்டினார். செயலாளராக இருந்த கோஷால் என்பவர், எழுத்தர் வேலைதான் உண்டு எனக் கூறி, கடிதக் குவியல் ஒன்றை அவர் முன் வைத்தார். காந்தியடிகள் அதனை மகிழ்வோடு ஏற்று விரைவில் முடித்தார். வந்தவர் யாவர் என்பதைப் பிறகே அறிந்த கோஷால், அவருக்கு எளிய வேலையைக் கொடுத்துவிட்டோமே என்று நாணினார். காந்தியடிகளோ, தம்மை நம்பிப் பணியை ஒப்படைத்தமைக்கு அவரிடம் நன்றி பாராட்டினார். அலுவலகத்தின் உள்நடைமுறைகளை அறிய அப்பணியே அவருக்கு வாயிலாயிற்று.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. எளிய பணியைத் தருதல் இழிவன்று. தெளிவாகச் சொல்லி, நம்பி ஒப்படைக்கும் எளிய பணி தொண்டர்க்கு மகிழ்ச்சியையே தரும். பணியே கொடாது ஒரு மூலையில் நிற்க வைத்தலும், யார் எதைச் செய்வது எனச் சொல்லாது அலைக்கழித்தலுமே இழிவாகும். விருந்தினரை வாவென்று அழைத்துவிட்டு இலை போடாது காக்க வைப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

தொண்டரை ஊர் மக்கள் எங்ஙனம் தாங்கினர் என்பதற்கு வேதாரணிய உப்பு அறப்போர் சான்றாகும். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தனர். அவர்கள் வழியெங்கும் பாடிச் செல்வதற்கென நாமக்கல் கவிஞர் பாடல் இயற்றினார். தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த தார்ன் என்னும் ஆங்கிலேயர், தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என அறிவித்தார். அவ்வறிவிப்பு மக்களின் அன்பைத் தடுக்க இயலவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு மக்கள் மறைந்துகொண்டனர் என்பர். ஏப்ரல் 28ஆம் நாள் தொண்டர்கள் வேதாரணியத்தை அடைந்தனர். 30ஆம் நாள் உப்பு எடுக்கப்பட்டது, இராஜாஜி சிறைப்பட்டார்.

அத்தொண்டர்கள் ஊதியம் பெறவில்லை. ஆயினும் பசியோடு நடக்குமாறு அவர்களை ஊரார் விடவில்லை. கூலி வேண்டாதவருக்குச் சோறும் வேண்டாம் என்று எண்ணுதல் பேதைமை. இக்காலத்துச் சங்கங்களும் இதனை நினைவிற் கொள்ளல் தகும். தொலைவிலிருந்து வருபவருக்குப் பேருந்துச் செலவை ஈடு செய்தலும், நெடுநேரம் பணி செய்பவருக்கு உணவும் குடிநீரும் நிழலும் அமைத்துத் தருதலும், இரவில் வீடு திரும்பும் பெண்களுக்குத் துணை ஏற்பாடு செய்தலும் தருமம் ஆகா, கடமையே ஆகும். தம் கையிலிருந்து உழைப்பைத் தருபவர், பணத்தையும் இழக்க நேருமாயின், ஏழைகள் தொண்டு செய்ய இயலாது. அப்பொழுது தொண்டு என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும்.

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பரவிற்று. எழுத்தறியாத பெரியோர்க்கு எழுத்தறிவித்தல் அதன் நோக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அவ்வியக்கம் பெற்ற வெற்றி நாடெங்கும் பேசப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்களும் ஊதியமின்றி ஆசிரியராயினர். பகலில் கல்லுடைத்தும் களை பறித்தும் களைத்த கைகள் இரவில் எழுத்துகளை வரைந்தன. ஆனால் ஓர் இடையூறு இருந்தது. பெண்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதற்குப் பிறரை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அப்பொழுது மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதனைக் கண்டார். மிதிவண்டி ஓட்டக் கற்பித்தலும் இயக்கத்தின் பகுதியாயிற்று. கற்போரும் கற்பிப்போருமாகிய பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஏறினர். எழுத்தோடு விடுதலை உணர்வும் அவர்களிடம் வளர்ந்தது.

தொண்டர் பணிக்கு வராதபொழுது, ஆர்வமில்லை என்று அவரைக் குறை கூறுதல் எளிது. எது அவரைத் தடுக்கிறது என்று கேட்டறிதல் அரிது. அரிய செயலைச் செய்தமையாலேயே அவ்வியக்கம் பெண்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. தொண்டரின் இடையூற்றைச் செவிமடுத்துக் களைதல், அவருக்குச் சூட்டும் மாலையினும் சிறந்தது.

ஆர்வம் மிகுந்திருந்தும் ஒழுங்கின்மையால் பயன் குறைந்த காலமும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து, கடலூர், நாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களின் கரையூர்களை அழித்தது. நாட்டின் பல திசைகளிலிருந்தும் தொண்டர்கள் விரைந்து வந்தனர். அவர்கள் செய்த உதவி அளப்பரியது. எனினும் எவ்வூருக்கு எது வேண்டும் என்று அறியாமையால், ஓரிடத்தில் பொருள்கள் குவிந்தன, வேறிடத்தில் குறைந்தன. அனுப்பப்பட்ட பழந்துணிகள் ஏற்பாரின்றிச் சாலையோரங்களில் கிடந்தன. நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையம் ஏற்பட்ட பின்னர், யார் எங்கே எப்பணியை ஆற்றுவது என்பது ஒழுங்குபெறலாயிற்று. வந்த கைகள் பல. அவற்றுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் தலை ஒன்று வேண்டும். அதுவும் தொண்டரை மதித்தலின் பகுதியே.

இத்தனையும் பெரிய இயக்கங்களின் செய்திகள். ஆனால் தொண்டரின் மதிப்பு பெரும்பாலும் சிறிய இடங்களிலேயே காக்கப்படுகிறது. அங்கேயே சிதைந்தும் போகிறது. விருத்தாசலத்தைப் போன்றதோர் ஊரில் ஒரு படிப்பகம் இருப்பதாகக் கொள்வோம். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டித் தொழில் செய்யும் பெண் ஒருவர், சிறுவர்க்குக் கதை சொல்லிக் கொடுக்க முன்வருகிறார். முதல் நாள் மாலை அவர் வந்தபொழுது கதவு பூட்டியிருக்கிறது. திறவுகோல் யாரிடம் என்று தெரியவில்லை. இரண்டாம் முறை நாற்காலிகளைத் துடைக்கும் வேலை கிடைக்கிறது. மூன்றாம் முறை, சிறுவர்க்குப் படம் வரைந்து கதை சொல்லலாம் என்று அவர் ஒரு கருத்தைக் கூறுகிறார். அதெல்லாம் செயற்குழு முடிவு செய்யும் என்று செயலாளர் சுருக்கமாக விடையளிக்கிறார். ஆண்டு விழாவன்று நன்றியுரையில் அவர் பெயர் விடுபட்டுப் போகிறது. அடுத்த திங்களில் அவர் வருவதில்லை.

அவர் சினந்து பேசவில்லை. விலகல் மடல் எழுதவும் இல்லை. ஊதியம் பெறுபவர் வேலையை விட்டால் காரணம் கேட்கப்படும், கணக்குத் தீர்க்கப்படும். தொண்டர் விலகும்பொழுதோ ஓசையே எழுவதில்லை. இக்காலத்து மக்களுக்குச் சேவை மனமில்லை என்று செயலாளர் வருந்துகிறார். நூல்கள் தூசி படிகின்றன. கதை கேட்க வந்த சிறுவர்கள் தெருவுக்குத் திரும்புகின்றனர். அவர்கள் இழந்தது எத்துணை என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. தொண்டரை மதியாமையின் தீங்கு தொண்டரோடு நின்றுவிடுவதில்லை; அவரால் பயன்பெற வேண்டியவர் மீதே அது இறுதியில் விழுகிறது.

அங்ஙனமாயின் சங்கத்தார் செய்ய வேண்டுவன யாவை? பணிக்கு வருபவரை வரவேற்று, அவர் பெயரையும் திறமையையும் கேட்டறிதல் முதற்கடமை. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன பணி என்று முன்னரே தெளிவாகச் சொல்லுதல் இரண்டாவது. பணிக்கு வேண்டிய கருவிகளையும் பயிற்சியையும் தருதல் மூன்றாவது. அவர் கூறும் கருத்தைச் செவிமடுத்து, ஏற்க இயலாதாயின் காரணத்தை இன்சொல்லால் விளக்குதல் நான்காவது. குறை நேர்ந்தால் தனியே அழைத்துத் திருத்தலும், நிறை கண்டால் பலரறியப் பாராட்டலும் ஐந்தாவது. அவர் ஓய்வு வேண்டும்பொழுது மனம் வருந்தாது விடை கொடுத்து, மீண்டும் வருவதற்குக் கதவைத் திறந்து வைத்தல் ஆறாவது. இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செலவை வேண்டுவதன்று.

நல்ல தொண்டர் ஒருவர் வாய்த்துவிட்டால் எல்லா வேலைகளையும் அவர் மீதே சுமத்துதல் மற்றொரு பிழை. மறுக்க நாணும் இயல்புடையோர் பலர். பணி மிகுந்து அவர்கள் சோர்ந்து விலகிய பின்னரே பிழை புலனாகும். இதனைப் பீங்கான் தொழில் அறிந்தோர் எளிதில் உணர்வர். களிமண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கி அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் உருவம் பெறும். அவ்வுருவத்தை உடனே சூளையில் இடுதல் இல்லை. நிழலில் வைத்துச் சிறிது சிறிதாக உலர்த்துவர். ஈரம் நீங்குமுன் நெருப்பில் இட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றி அது வெடித்துவிடும். மண்ணும் நல்லதே, நெருப்பும் நல்லதே, காலமறியாமையே கேடு. புதிய தொண்டரும் அங்ஙனமே. சிறு பணியில் தொடங்கிப் படிப்படியாகப் பொறுப்பை வளர்த்தால் அவர் உறுதி பெறுவர்.

தொண்டர்க்கும் கடமைகள் உண்டு. ஊதியம் பெறாமையால் விரும்பியபொழுது வரலாம், விரும்பாதபொழுது விடலாம் என்று கருதுதல் தகாது. ஏற்ற பணியை நேரம் தவறாது செய்தலும், இயலாதபொழுது முன்னரே அறிவித்தலும், உதவி பெறுவோரைத் தாழ்வாக நோக்காமையும், பெற்ற பொருளுக்குக் கணக்கு வைத்தலும் அவருடைய கடமைகள். மதிப்பு என்பது ஒரு கையால் எழுப்பும் ஓசையன்று. சங்கம் தொண்டரை மதிக்க, தொண்டர் பணியை மதிக்க, இருவரும் சேர்ந்து மக்களை மதிக்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

உலக நாடுகளும் இவ்வுண்மையை ஏற்றுள்ளன. செஞ்சிலுவை இயக்கம் 1965ஆம் ஆண்டில் வகுத்த ஏழு அடிப்படைக் கொள்கைகளுள் தன்விருப்பத் தொண்டும் ஒன்று. இந்தியாவில் காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969ஆம் ஆண்டில் மாணவர்களுக்கென நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. டிசம்பர் 5ஆம் நாளைப் பன்னாட்டுத் தொண்டர் நாளாகக் கொண்டாடுமாறு ஐக்கிய நாடுகள் அவை 1985ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு நாள் கொண்டாடுதல் நன்று. எஞ்சிய நாள்களில் படிப்பகத்தின் கதவை உரிய நேரத்தில் திறந்து வைத்தல் அதனினும் நன்று.

திருமுதுகுன்றத்து முனிவர் கொடுத்தது வெறும் இலையே. அதனைப் பெற்றவர் உழைப்பே அதனைப் பொன்னாக்கியது எனக் கதை கூறும். தொண்டர்க்குச் சங்கம் கொடுக்கக்கூடியதும் இலையளவே. ஒரு இன்சொல், ஒரு நம்பிக்கை, செவிமடுக்கும் சிறிது பொறுமை. ஆயினும் அளவறிந்து, உரிய வேளையில், உள்ளன்போடு கொடுக்கப்படுமாயின் அதுவே பொன்னாகும். பொருளில்லாத சங்கமும் அத்தகைய கூலியைக் கொடுக்க வல்லது. கொடுக்கத் தவறிய சங்கத்திற்குப் பொருள் எத்துணை இருப்பினும், கை கொடுக்க ஆள் இராது.